மேடும் இல்லை, நிழலும் இல்லை: வயல்வெளியில் முதல் கோடை மாரத்தான் ஓடுவது எப்படி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வடமேற்கு மூலையில், மாரத்தான் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். ஏரிக்கரை நகரமான ஸ்டார்ம் லேக்கில் புறப்பட்டு, மக்காச்சோள வயல்களுக்கும் சோயா வயல்களுக்கும் நடுவே ஓடி, இந்த ஊரில் முடியும் மாரத்தான் ஒன்று ஜூன் மாதங்களில் நடந்து வந்தது. என் முதல் மாரத்தான் அதுதான். "தட்டையான பாதை, கூட்டம் இல்லை, பார்க்க அழகு, தொடக்கக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?" என்று எண்ணிப் பெயர் கொடுத்தேன். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த விளக்கம். உங்கள் பந்தயம் வேறு சமவெளியில் நடந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அந்த நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1785-இல் வந்த நில அளவைச் சட்டம் மேற்கு நிலங்களைச் சதுரங்க அட்டைபோல ஒரு மைல் சதுரங்களாக வெட்டியது. அயோவாவில் அந்தச் சதுரங்களின் ஓரங்களே சாலைகளாகிவிட்டன. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. குறுக்கே போக வழி கிடையாது. ஸ்டார்ம் லேக்கிலிருந்து மாரத்தான் ஊர் காக்கை பறக்கும் தூரத்தில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் சாலைவழியே போனால் ஏறக்குறைய வடக்கே 24, கிழக்கே 18. கூட்டிப் பாருங்கள், மாரத்தான் தூரமான 42.195-ஐ ஒட்டி வந்து நிற்கும். வரைபடத்தில் விரலை வைத்து இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பந்தயத்தன்று 33-ஆவது கிலோமீட்டரில் சுத்தமாக இல்லை.

படி 1: பந்தய விவரங்களை வரிவரியாகப் படியுங்கள்

சிறிய பந்தயங்களில் சில நூறு பேர், சில சமயம் நூற்றுக்கும் குறைவானவர்கள் ஓடுவார்கள். பெருநகர மாரத்தானில் கிடைக்கும் வசதிகள் இங்கே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்? எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்? கழிப்பறை எங்கெங்கே? காலையில் எத்தனை மணிக்குத் தொடக்கம்? ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள்; நான் மறந்தேன்.

படி 2: 18 வாரப் பயிற்சி

நிற்காமல் 8 அல்லது 10 கிலோமீட்டர் ஓட முடிகிறவர்களுக்கு 18 வாரம் போதும். அது முடியாதவர்கள் அந்த நிலைக்கு வந்த பிறகு நாட்காட்டியைத் திறக்கலாம். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம்: மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், ஒரு நாள் நீண்ட தூரம். வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் போவது பழைய வழக்கம், மோசமில்லாத வழக்கம். நான்காவது வாரம் தோறும் தூரத்தைக் குறைத்து உடம்பை மூச்சுவிட விடுங்கள். நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். அதைப் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டுத் தூரத்தை இறக்கிக்கொண்டே வாருங்கள்.

சமவெளிக்கென்று இரண்டு சேர்க்கைகள் உண்டு. மேடுபள்ளமான பாதையில் ஏறும்போது ஒரு தசைக்கூட்டமும் இறங்கும்போது இன்னொன்றும் முறை மாற்றி உழைக்கும். தட்டையான சாலையில் அந்த முறைமாற்றம் இல்லை. ஒரே தசை, ஒரே கோணம், நாற்பதாயிரம் அடிகள். அதனால் நீண்ட ஓட்டத்தில் சில நிமிட நடையைத் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய ஓட்டம்-நடை முறை இதற்கு மிகவும் ஒத்துவரும். நடப்பது தோல்வி என்று நினைக்கும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவரைப் பந்தயத்துக்கு அழைக்காதீர்கள்.

இரண்டாவது, சலிப்புக்கும் பயிற்சி எடுங்கள். பூங்காவைச் சுற்றி ஓடிப் பழகியவருக்கு, வளைவே இல்லாத பத்துக் கிலோமீட்டர் சாலை வேறு உலகம். மாதம் இரண்டு முறையாவது நேர்ச்சாலை ஒன்றைத் தேடி, காதில் பாட்டு இல்லாமல் ஓடிப் பாருங்கள்.

படி 3: உடம்பை வெயிலுக்கும் ஈரத்துக்கும் பழக்குங்கள்

நாம் வெயிலில் பிறந்தவர்கள், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து, விடியற்காலையில் மட்டும் ஓடும் உடம்பு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் வெயிலை மறந்துவிடும். மீண்டும் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கடைசி மூன்று வாரத்தில் சில சிறிய ஓட்டங்களைக் காலை ஒன்பது மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், மெதுவாக.

வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு பனிப்புள்ளியையும் பாருங்கள். காற்றில் உள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் வியர்வை நன்றாக உலரும். 20-ஐத் தாண்டிவிட்டால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. விளைநிலத்தில் இது கூடுதல் தொல்லை. ஓர் ஏக்கர் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை தண்ணீரை இலைவழியே காற்றில் விடும் என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தரும் கணக்கு. ஜூனில் பயிர் இளசு என்பதால் அவ்வளவு இருக்காது. ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் பந்தயம் என்றால் சோளம் உங்களோடு சேர்ந்து வியர்க்கும்.

அடுத்து ஒரு வீட்டுச் சோதனை. ஓடுவதற்கு முன் ஆடையின்றி எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். நான் முதலில் 68.0 கிலோ, பிறகு 67.1. நடுவில் 300 மில்லி குடித்திருந்தேன். ஆக, ஒரு மணி நேரத்தில் போன வியர்வை 1.2 லிட்டர். இதை முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை, முயலவும் கூடாது. தாகத்தை ஒட்டிக் குடியுங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று பொருள். வெறும் தண்ணீராக அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக ஓடும் புதியவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் பந்தலுக்குப் பந்தல் நின்று குடிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

படி 4: முன்தினம்

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். நான் தயிர்சாதமும் உப்பு நார்த்தங்காயும் சாப்பிட்டேன். மாவுச்சத்தும் உப்பும்தானே வேண்டும், அது பாஸ்தாவில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? அக்குள், தொடை இடுக்கு, மார்பு ஆகிய இடங்களில் தடவ வாசலினை எடுத்து வையுங்கள். வெள்ளைத் தொப்பி, பழைய காலணி, பழைய காலுறை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கிடைக்கும்படி ஜெல் எனும் சர்க்கரைக் கூழோ பேரீச்சம்பழமோ கணக்குப் போட்டு இடுப்புப் பையில் கட்டுங்கள். பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும்.

முடிந்தால் பாதையைக் காரில் ஒருமுறை பாருங்கள். சதுரச் சாலை நாட்டில் இதன் பயன் பெரிது: ஒவ்வொரு மைலுக்கும், அதாவது 1.6 கிலோமீட்டருக்கும், ஒரு சரளைக்கல் குறுக்குச்சாலை வரும். மைல்கல் நடாமலே நட்டு வைத்த மாதிரி. எந்தக் குறுக்குச்சாலையில் திருப்பம், எதன் மூலையில் பண்ணை வீடு, எங்கே இரண்டு மரமாவது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்றிக் கொட்டகை இருக்குமிடத்தையும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் அங்கே ஜெல் சாப்பிட முடியாது.

படி 5: ஓடும் நாள்

ஜூன் நடுவில் அங்கே காலை 5.45 மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். முதல் பத்துக் கிலோமீட்டரில் திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 10, 15 விநாடியாவது மெதுவாக ஓடுங்கள். குளிர்ந்த காலை, தட்டையான சாலை, புதுக்கால்; எல்லாம் சேர்ந்து வேகமாக ஓடச் சொல்லும். கேட்காதீர்கள்.

காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோடையில் அந்தப் பகுதியில் பெரும்பாலும் தெற்கிலிருந்து காற்று வரும். நான் வடக்கு நோக்கி ஓடினேன், முதுகில் காற்று. தள்ளிவிடுகிறதே என்று மகிழ்ந்தேன். அரை மணி நேரத்தில் சட்டை தொப்பலாகி, முகம் எரியத் தொடங்கியது. காரணம் எளிது: மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்காற்று வீச, நீங்களும் அதே வேகத்தில் ஓடினால் உங்கள் தோலைப் பொறுத்தவரை காற்றே அசையவில்லை. மூடிய அறையில் ஓடுவதும் அதுவும் ஒன்று. பின்காற்றுப் பகுதியில் தலையிலும் பிடரியிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். பந்தலில் பனிக்கட்டி கிடைத்தால் தொப்பிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கிழக்கே திரும்பியதும் சூரியன் கண்ணுக்கு நேரே வரும், ஆனால் பக்கவாட்டுக் காற்று தோலைத் தொடும். அந்தத் திருப்பத்தில் எனக்கு உயிர் வந்தது.

கிராமச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். ஒரே ஓரமாக 42 கிலோமீட்டர் ஓடினால் ஒரு கால் நீளம் மறுகால் குட்டை என்ற கணக்கில் இடுப்பும் முட்டியும் வலிக்கும். போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலை என்றால் நடுவில் ஓடுங்கள். இல்லையென்றால் எதிரே வண்டி வருவது தெரியும் பக்கமாகவே ஓடி, சாலை வெறிச்சோடும்போது நடுவுக்கு வாருங்கள்.

பறவை. ஆம், பறவை. சாலையோரப் பள்ளத்துப் புல்லில் ஜூனில் கூடு கட்டும் ஒரு கரும்பறவை, தோளில் சிவப்புப் பட்டை போட்டது, குஞ்சுகளைக் காக்கத் தலைக்கு மேலே வந்து கொத்தப் பார்க்கும். 14-ஆவது கிலோமீட்டரில் பின்மண்டையில் விரலால் சுண்டியதுபோல ஒன்று பட்டது. திரும்பினால் யாருமில்லை, மின்கம்பியில் அது உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தது. தொப்பி போடுங்கள், சாலையின் மறுபக்கம் போங்கள், நிற்காதீர்கள். அந்த நூறு மீட்டரில்தான் என் அன்றைய மிக வேகமான ஓட்டம் பதிவாகியிருக்கிறது.

இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு தனியாகிவிடுவீர்கள். முன்னால் ஓடுகிறவர் ஒரு புள்ளி, பின்னால் வருகிறவர் இன்னொரு புள்ளி. இங்கேதான் சமவெளி ஏமாற்றும். ஊர் பெயர் எழுதிய உயரமான தண்ணீர்த் தொட்டியோ தானியக் கிடங்கின் கோபுரமோ கண்ணுக்குத் தெரியும். வந்துவிட்டோம் என்று மனம் துள்ளும். 40 மீட்டர் உயரக் கோபுரம் தெளிவான நாளில், தட்டை நிலத்தில், இருபது கிலோமீட்டருக்கு மேலிருந்தும் தெரியக்கூடும். அரை மணி நேரம் ஓடினாலும் அதே அளவில் நிற்கும். கோபுரத்தைப் பார்க்காதீர்கள். குறுக்குச்சாலையைப் பாருங்கள். அடுத்தது வரை ஓட்டம், தாண்டியதும் ஒரு நிமிடம் நடை, ஒரு வாய் தண்ணீர், மறுபடியும் அடுத்தது. 30 கிலோமீட்டருக்குப் பிறகு தசைகளில் சேமித்த மாவுச்சத்து வற்றும்போது நாற்பத்திரண்டு என்ற எண்ணைத் தாங்க முடியாது. ஒன்று என்ற எண்ணைத் தாங்கலாம்.

ஒரு பண்ணை வாசலில் இரண்டு சிறுவர்கள் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் பீய்ச்சினார்கள். பாதையில் நான் கண்ட பெருங்கூட்டம் அதுதான்.

படி 6: எப்போது நிறுத்த வேண்டும்

வெயிலிலும் மயிர்க்கூச்செறிவது, தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல், தான் எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம்: இவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்து உதவி கேளுங்கள். குழப்பத்தோடு உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. அவசர உதவிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை உடம்பைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடி கேட்டால் ஓட்டம் முடிந்தது. வெட்டவெளியில் உயரமாக நிற்கும் பொருள் நீங்கள்தான். மரத்தடியில் ஒதுங்காமல் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள்.

படி 7: கோட்டைத் தாண்டிய பிறகு

உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடந்துகொண்டிருங்கள். உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். ஈரக் காலுறையைக் கழற்றுங்கள்.

பிறகு, கார் எங்கே என்று யோசியுங்கள். என் கார் ஸ்டார்ம் லேக் ஏரிக்கரையில் நின்றது. சாவி என் கால்சட்டைப் பையில், நான் மாரத்தான் ஊரில். கடைசியில் முதிய விவசாயி ஒருவர் தம் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஈரத் துண்டை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் எண்ணி எண்ணிக் கடந்த குறுக்குச்சாலைகள் அரை மணி நேரத்தில் பின்னோக்கி ஓடின. 14-ஆவது கிலோமீட்டர்க் கம்பியில் அந்தப் பறவை அப்போதும் உட்கார்ந்திருந்தது.