பூனையும் கலஞ்சோ தொட்டியும்

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியில் இருந்த கலஞ்சோ என்ற சதைப்பற்றுச் செடியின் இலையில் பல் தடம், பக்கத்தில் வாந்தி, பூனை கட்டிலுக்கு அடியில். அதுவரை அந்தச் செடியை நான் சந்தேகப்பட்டதே இல்லை. நம்ம ரணகள்ளியின் இனம்தான் அது. பூனையின் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய நஞ்சு அதில் உண்டு, பூவில் இன்னும் அதிகம். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, செய்யவில்லை, அது தனி ஆபத்து. கடித்த இலையைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். பிழைத்துக்கொண்டான்.

முதலில் தொட்டிகளை உயர அலமாரிக்கு மாற்றினேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மேலே ஏறி உட்கார்ந்திருந்தான்! பூனைக்கு உயரம் ஒரு தடையா என்ன? கலஞ்சோவோடு, பூனைக்கு ஆகாத ஜேட் செடி, திருகுகள்ளி எல்லாவற்றையும் பூனை இல்லாத வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். சோற்றுக்கற்றாழையும் போனது, நமக்கு மருந்து, பூனைக்கு வயிற்றுப்போக்கு. பதிலுக்கு ஹவோர்த்தியா, எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடிகளை வைத்திருக்கிறேன். இரண்டும் பூனைக்கு நஞ்சில்லை. ஹவோர்த்தியா பார்க்கக் குட்டிக் கற்றாழை மாதிரியே இருக்கும், பெயர் கேட்டு வாங்குங்கள். அவன் கடிப்பதற்கென்றே ஒரு தட்டில் கோதுமைப் புல் வளர்க்கிறேன். எச்சிவேரியாவை மோந்துகூடப் பார்ப்பதில்லை இப்போது.