கல்லூரி மாவட்டம் எப்படி வாக்களித்தது? முடிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 3 அன்று கலிஃபோர்னியாவின் ஃபுட்ஹில்-டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ் மாவட்டத்து (இரண்டாண்டு பொதுக் கல்லூரிகளை நடத்தத் தனி வாரியத்தோடு இயங்கும் எல்லைப் பகுதி) வாக்காளர்களுக்கு ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் வந்தன. மெஷர் ஜி (உள்ளூர் வாக்கெடுப்புக் கேள்விக்கு 'மெஷர்' என்று பெயர்), கட்டட வேலைகளுக்காக 89.8 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்டது. மெஷர் எச், கல்லூரியை நடத்தும் செலவுக்காக ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 48 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு வரி கேட்டது. இரண்டுக்கும் 'ஆம்' என்றவர்களே அதிகம். ஆனால் ஜி நிறைவேறியது, எச் தோற்றது.

இதைப் பார்த்துவிட்டு "கட்டடத்துக்குப் பணம் தரச் சம்மதித்த மக்கள் கல்லூரியை நடத்தப் பணம் தர மறுத்துவிட்டார்கள்" என்று எழுதுவது மிக எளிது. அது தவறு. கடன் பத்திரத்துக்கு 55 சதவீதம் போதும். மனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 66.67 சதவீதம் வேண்டும். 60 சதவீத ஆதரவு ஒன்றை வெற்றியாக்கும், இன்னொன்றைத் தோல்வியாக்கும். மக்களின் மனம் மாறியதா, தாண்ட வேண்டிய கோடு மாறியதா என்று பார்க்காமல் வென்றது, தோற்றது என்ற சொற்களை வைத்துக் கருத்துச் சொல்லக் கூடாது. முதலில் 'ஆம்' சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு தேவையான அளவைப் பாருங்கள்.

இந்த 55 சதவீதம் 2000-ஆம் ஆண்டில் மாநில வாக்காளர்கள் ஏற்ற புரொபசிஷன் 39 என்ற வாக்கெடுப்பு முன்மொழிவிலிருந்து வருகிறது. அதற்கு முன் கல்விக் கடன் பத்திரங்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. ஆகவே 1990-களில் 62 சதவீதம் பெற்றுத் தோற்ற பத்திரத்தையும் 2010-களில் 57 சதவீதம் பெற்று வென்ற பத்திரத்தையும் ஒப்பிட்டு "ஆதரவு கூடியிருக்கிறது" என்று சொன்னால் உண்மை தலைகீழாகிவிடும். சலுகைக்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகளும் வந்தன. பத்திரப் பணத்தை ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்குச் செலவிட முடியாது. ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். குடிமக்கள் மேற்பார்வைக் குழு வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் மாவட்டமாக இருந்தால், மதிப்பிட்ட சொத்தின் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் வரி 25 டாலரைத் தாண்டக் கூடாது.

எதை எதால் வகுக்கிறீர்கள்?

இந்தத் துறையில் பல பிழைகள் வகுக்கும் எண்ணில்தான் நடக்கின்றன. 55 சதவீதம் என்பது அந்தக் கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறித்தவர்களில் 55 சதவீதம். வாக்குச்சாவடிக்கு வந்தவர்களிலும் அல்ல, பதிவு செய்தவர்களிலும் அல்ல. அதிபர் தேர்வுக்கு மட்டும் குறித்துவிட்டு உள்ளூர்க் கேள்வியை வெறுமையாக விட்டவரின் சீட்டு இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவரை 'எதிர்ப்பாளர்' பக்கம் சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்கக் கூடாது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: 10,000 சீட்டுகள் வந்தன, 4,600 ஆம், 3,600 இல்லை, 1,800 வெற்று. ஆதரவு 46 சதவீதம் அல்ல. 4,600-ஐ 8,200-ஆல் வகுத்தால் 56.1 சதவீதம். பத்திரம் நிறைவேறிவிட்டது. அந்த 1,800 தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதிவரை எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. அதற்கென்று தனி நெடுவரிசை வையுங்கள்.

அறங்காவலர் (கல்லூரி வாரிய உறுப்பினர்) தேர்தலில் இதே பிழை வேறு வடிவில் வரும். "மூன்று பேர் வரை தேர்ந்தெடுக்கலாம்" என்று இருந்தால் ஒருவரே மூன்று வாக்குகள் போடலாம். அப்போது மொத்த வாக்குகள் வந்த சீட்டுகளைவிட அதிகமாக இருக்கும். முடிவு அட்டவணையில் ஒரு வேட்பாளருக்கு 24 சதவீதம் என்று இருந்தால் அது வாக்குகளில் 24 சதவீதம். வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் அவரைக் குறித்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு. அந்தப் போட்டியில் வந்த சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் எத்தனை பேர் விரும்பினார்கள் என்று தெரியும்.

அடுத்தது, பிரிசிங்ட் (வாக்குகளைத் தொகுக்கும் சிறு பகுதி) சதவீதங்களின் சராசரி. விரிதாளில் ஒரு நெடுவரிசையைத் தேர்ந்து சராசரி கேட்டால் உடனே ஓர் எண் வந்துவிடும். அது பொய்யான எண். ஒரு பிரிசிங்டில் 900 பேரில் 540 பேர் ஆம் என்கிறார்கள், 60 சதவீதம். இன்னொன்றில் 100 பேரில் 30 பேர், 30 சதவீதம். சராசரி 45, உண்மையோ 1,000 பேரில் 570, அதாவது 57. சராசரிப்படி தோல்வி, நிஜத்தில் வெற்றி. எப்போதும் வாக்குகளைக் கூட்டிவிட்டு அதன்பின் வகுக்க வேண்டும்.

மாவட்டத்தின் எல்லை நகரத்தின் எல்லை அல்ல

ஃபுட்ஹில்-டி ஆன்சா மாவட்டத்தில் குப்பர்டினோ, சன்னிவேல், மவுண்டன் வியூ, பாலோ ஆல்டோ, லாஸ் ஆல்டோஸ், லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் ஆகியவற்றோடு சான் ஹோசே, சாண்டா கிளாரா, சரடோகா நகரங்களின் சில துண்டுகளும் உள்ளன. சான் ஹோசே நகர மொத்தத்தை எடுத்து ஒப்பிட்டால் கல்லூரிக்கு வாக்களிக்கவே உரிமை இல்லாத லட்சக்கணக்கானோர் உள்ளே வந்துவிடுவார்கள். அதே நாளில் மாநில அளவில் தோற்ற 1,500 கோடி டாலர் கல்விக் கட்டடப் பத்திரத்தை (அதுவும் புரொபசிஷன் 13 என்ற எண்ணோடு வந்தது, 1978-இன் சொத்து வரிச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) மெஷர் ஜியோடு ஒப்பிட நினைத்தால், மாவட்டத்துக்குள் இருக்கும் பிரிசிங்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் மாநிலப் பத்திரம் என்ன பெற்றது என்று கூட்ட வேண்டும்.

சில மாவட்டங்கள் கவுண்டி (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவு) எல்லையையும் தாண்டும். சாபோ-லாஸ் பொசிடாஸ் மாவட்டம் அலமீடா, கான்ட்ரா கோஸ்டா என்ற இரு கவுண்டிகளில் இருக்கிறது. வெஸ்ட் வேலி-மிஷன் மாவட்டம் சாண்டா கிளாராவோடு சாண்டா குரூஸ் கவுண்டியிலும் பரவியிருக்கிறது. ஒவ்வொரு கவுண்டியும் தன் பங்கை மட்டும் வெளியிடும். ஒரு கவுண்டியின் பக்கத்தை மட்டும் பார்த்து 54.8 சதவீதம், தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மறு கவுண்டியின் வாக்குகளைச் சேர்த்தால் நிலைமை மாறலாம்.

மெஷர் எழுத்துகளும் திரும்பத் திரும்ப வரும். "மெஷர் ஜி" என்று தேடினால் வேறு ஊர், வேறு ஆண்டு எல்லாம் கலந்து வரும். குறிப்பெடுக்கும்போது மாவட்டம், மாதம், ஆண்டு மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிரிசிங்ட் வரைபடத்தில் நடக்கும் குளறுபடி

தேர்தல் பதிவாளர் அலுவலகம் ஒவ்வொரு தேர்தலுக்கும் சின்னச் சின்ன பதிவுப் பிரிசிங்டுகளைச் சேர்த்துப் பெரிய வாக்குப் பிரிசிங்டுகளாக்குகிறது. இந்தச் சேர்க்கை ஒவ்வொரு முறையும் மாறலாம். எண் அதேதான் என்பதால் நிலமும் அதேதான் என்று நம்பி இரண்டு தேர்தல்களை ஒட்ட வைப்பது பெரிய பிழை. பெர்க்லி சட்டக் கல்லூரியில் இயங்கும் ஸ்டேட்வைட் டேட்டாபேஸ் இதற்காகவே ஒரு பிரிவின் எண்களை இன்னொரு பிரிவுக்கு மாற்றித் தரும் மாற்று அட்டவணைகளை இலவசமாகத் தருகிறது. வாக்குப் பிரிசிங்டிலிருந்து பதிவுப் பிரிசிங்டுக்கும், அங்கிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மிகச் சிறிய அலகுகளான பிளாக்குகளுக்கும் போகலாம். வேலையின் வரிசை: கவுண்டியின் இறுதி வாக்கு அறிக்கையை இறக்குங்கள், மாவட்டப் போட்டி இருந்த பிரிசிங்டுகளை வடிகட்டுங்கள், மாற்று அட்டவணையால் இரு தேர்தல்களையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள், மொத்தம் அதிகாரபூர்வ மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பிளாக் அளவிலான எண்கள் மதிப்பீடுகளே என்பதால், ஒரு தெருவைச் சுட்டி இங்கே இத்தனை பேர் என்று சொல்வதற்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

மிகச் சிறிய பிரிசிங்டுகளில் சில கவுண்டிகள் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் இடும். நான்கு பேர் மட்டும் வாக்களித்த இடத்தில் நால்வரும் ஆம் என்றால் இரகசியம் போய்விடும் என்பதால்தான் இந்த மறைப்பு. விரிதாளில் அதைச் சுழியம் என்று மாற்றிவிடாதீர்கள், வெற்றாக விடுங்கள்.

சாண்டா கிளாரா கவுண்டி 2020 மார்ச்சிலிருந்து வாக்கு மைய முறைக்கு மாறியது. கவுண்டியின் எந்த மையத்திலும் யாரும் வாக்களிக்கலாம். டி ஆன்சா கல்லூரிக்கு அருகில் ஒரு மையம் இருந்து அங்கே கூட்டம் கூடினால், அவர்கள் அக்கம்பக்கத்தவர் என்று சொல்ல முடியாது. முடிவுகள் வாக்காளர் குடியிருக்கும் பிரிசிங்டின்படியே தொகுக்கப்படுகின்றன. வாக்களித்த இடத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

யார் வாக்களித்தார்கள் என்பதைப் பற்றி

அறங்காவலர் பதவி கலிஃபோர்னியாவில் கட்சி சாராதது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஜனநாயகக் கட்சிப் பதிவு அதிகமுள்ள பிரிசிங்டில் ஒரு வேட்பாளர் அதிக வாக்கு வாங்கியிருந்தால், ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் அவருக்குப் போட்டார்கள் என்று நிரூபணம் ஆகாது. அந்தப் பிரிசிங்டில் இருக்கும் மற்றவர்கள் போட்டிருக்கலாம். இனம், மொழி, வயது எதற்கும் இதே எச்சரிக்கை. சன்னிவேலில் தமிழர் அதிகம் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ள பிரிசிங்ட் வரிக்கு ஆதரவாக இருந்தால், தமிழர்கள் ஆதரித்தார்கள் என்று எழுதத் தோன்றும். அங்கே குடியிருப்போரில் பெரும்பகுதி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கலாம், அவர்களுக்கு வாக்கே கிடையாது. சொத்து வரி கட்டுகிறவர் என்பதால் வாக்காளர் ஆகிவிட மாட்டார். சான் பிரான்சிஸ்கோவில் 2016-இல் ஏற்கப்பட்ட சட்டப்படி குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். அங்கேயும் கம்யூனிட்டி காலேஜ் வாரியத்துக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே மொத்த மக்கள்தொகையால் வகுத்து "இந்தப் பகுதியில் அக்கறை குறைவு" என்று சொல்வது அநியாயம். வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்கள் எண்ணிக்கையை எடுங்கள். அதுவும் ஐந்தாண்டு மாதிரிக் கணக்கு என்பதால் பிழை எல்லையோடு சேர்த்தே காட்டுங்கள்.

மாணவர்களையும் வாக்காளர்களையும் குழப்புவது இன்னொரு வழக்கம். கம்யூனிட்டி காலேஜ் மாணவர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்தும் வரலாம். அவர் வாக்கு அவர் வீடு இருக்கும் மாவட்டத்தில்.

பணக்காரப் பகுதி, ஏழைப் பகுதி என்று பிரித்துக் காரணம் சொல்வோர் ஒரு முக்கிய விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். 1978 சொத்து வரிச் சட்டப்படி ஒரு வீட்டின் வரி மதிப்பு, வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். அடுத்தடுத்த வீடுகளில் ஒருவர் 1985-இல் வாங்கியவர், மற்றவர் 2019-இல் வாங்கியவர். முன்னவரின் வரி மதிப்பு 2 லட்சம், பின்னவருடையது 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்பான 25 டாலர் விகிதத்தில் கடன் பத்திரம் முன்னவருக்கு ஆண்டுக்கு 50 டாலர், பின்னவருக்கு 500 டாலர். 48 டாலர் மனை வரியோ இருவருக்கும் ஒன்றே. ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மெஷர்களும் இப்படி வேறு வேறு கணக்காக இருக்க, பிரிசிங்டின் சராசரி வீட்டு விலையை வைத்து வாக்கை விளக்க முடியாது.

காலம் மாறினால் கேள்வியும் மாறும்

2006-இல் இதே மாவட்டம் 49.08 கோடி டாலர் மெஷர் சியை ஏற்றது. அதை 2020-ஓடு நேரடியாக ஒப்பிட முடியுமா? 2018 முதல் வரி விகிதம், ஆண்டுக்கு எவ்வளவு திரட்டப்படும், எத்தனை காலம் என்பவற்றை வாக்குச்சீட்டில் உள்ள 75 சொல் வாசகத்துக்குள்ளேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. கேள்வியின் சொற்களே மாறிவிட்டன. ஒப்பிடுங்கள், ஆனால் இரு வாசகங்களையும் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டுங்கள்.

தொகுதிவாரியாக அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் மாவட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2020 கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகள் திருத்தப்பட்டன; 2018-இன் மூன்றாம் தொகுதியும் 2022-இன் மூன்றாம் தொகுதியும் ஒரே நிலம் என்று நினைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் "இருக்கை எண்" என்று இருந்தாலும் அது தொகுதி அல்ல. மாவட்டம் முழுவதும் எல்லா இருக்கைகளுக்கும் வாக்களிக்கிறது. ஒரு தொகுதியில் முடிவே இல்லையென்றால், ஒரே வேட்பாளர் நின்றதால் தேர்தல் நடத்தாமல் நியமித்திருக்கலாம். அதைச் சுழிய வாக்கு என்றோ ஆர்வமின்மை என்றோ பதியக் கூடாது.

தேர்தல் இரவு எண்கள் முடிவு அல்ல. தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து ஏழு நாளுக்குள் வந்து சேரும் சீட்டுகளும் எண்ணப்படும். கையெழுத்து ஒத்துப்போகாத சீட்டுகளைச் சரிசெய்ய வாக்காளருக்கு வாய்ப்புத் தரப்படும். ஒரு சதவீதப் பிரிசிங்டுகளைக் கையால் எண்ணிச் சரிபார்ப்பதும் உண்டு. கவுண்டிகளுக்கு ஏறக்குறைய 30 நாள் அவகாசம். 55 சதவீதக் கோட்டருகே நிற்கும் பத்திரம் அந்த நாள்களில் மேலும் கீழும் போகும். முதலில் எண்ணப்படும் அஞ்சல் வாக்குகளும் கடைசியில் வருபவையும் ஒரே போக்கில் இருப்பதில்லை. சான்றளித்த இறுதி வாக்கு அறிக்கை வெளியான பிறகே பிரிசிங்ட் வரைபடம் வரையுங்கள். அதற்கு முன் வெளியிட வேண்டியிருந்தால் எந்தத் தேதி, எந்த நேரத்துப் புதுப்பிப்பு, இன்னும் எத்தனை சீட்டுகள் மீதம் என்பதைப் படத்தின் மேலேயே எழுதுங்கள்.