சாதனையாளர் நாளுக்குத் தமிழ்ப் பெயரோடு சான்றிதழ் அடிப்பது எப்படி?

மதுரை அழகர்கோவில் சாலையில் இருக்கும் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியராக இருக்கிறேன். ‘கம்ப்யூட்டர் சார்தானே, சர்டிபிகேட் வேலையை அவரே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மீட்டிங்கில் என் தலையில் கட்டினார்கள். மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லோரையும் ஒரே மேடையில் பாராட்டும் நாள் அது. கிட்டத்தட்ட 200 சான்றிதழ். முதல் வருடம் ஆங்கிலத்தில் மட்டும் அடித்தேன், வம்பில்லை. அடுத்த வருடம், ‘தாத்தா பாட்டியெல்லாம் வருகிறார்கள், பெயர் தமிழிலும் இருக்கட்டும்’ என்றார் முதல்வர். நியாயமான ஆசைதான்.

விழாவுக்கு முந்தின இரவு பதினொன்றரை மணிக்கு, அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து ஒரு அட்டையை உருவினேன். ‘கோமதி’ என்ற பெயரில் இரட்டைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. அடுத்த அட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அந்த இரவிலும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எக்செல்லில் பட்டியல் போடுவதும் வேர்டில் மெயில் மெர்ஜ் (பட்டியலில் இருக்கும் பெயர்களை ஒவ்வொரு சான்றிதழிலும் தானாக நிரப்புவது) செய்வதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதென்றால் யூடியூபில் தமிழிலேயே வீடியோக்கள் இருக்கின்றன, பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: தேதியை ரிசல்ட்டைப் பார்த்து வையுங்கள்

மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் மே மாதத்தோடு முடிந்தது. பன்னாட்டுப் பள்ளியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமயம் வரும். கேம்பிரிட்ஜ் வாரியத்தின் மார்ச் தேர்வுக்கு ரிசல்ட் மே மாதம் வரும். சித்திரைத் திருவிழாவும் கோடை விடுமுறையும் சேர்ந்த நேரம், பள்ளியில் ஆளே இருக்காது. ஐபி டிப்ளமாவுக்கு (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட், பிளஸ் டூ மாதிரி) ஜூலை முதல் வாரம். கேம்பிரிட்ஜ் ஜூன் தேர்வுக்கு ஆகஸ்ட். ஜூலையில் விழா வைத்தால் ஜூன் தேர்வு எழுதிய பிள்ளைகள் விட்டுப்போவார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு முன்னால் வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

படி 2: பட்டியல்

எக்செல்லில் ஆறு பத்தி போதும்: வரிசை எண், ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், வகுப்பு அல்லது பணி, சாதனை, மேடையில் வாசிக்க ஒரு வரி. ஆசிரியருக்குத் தனிப் பட்டியல், ஆயாம்மாவுக்கும் வேன் ஓட்டுநருக்கும் தனிப் பட்டியல் என்று பிரிக்காதீர்கள். பிரித்தால் மூன்றாவது பட்டியல் கடைசி நேரத்தில் அவசர அவசரமாகத் தயாராகி, அதில்தான் பிழை மலிந்திருக்கும். காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியரும், பத்து வருடம் ஒரு கீறல் இல்லாமல் வேன் ஓட்டியவரும் ஒரே ஷீட்டில் இருக்கட்டும்.

மதிப்பெண் எழுதும்போது ‘எத்தனைக்கு’ என்பதையும் எழுதுங்கள். ஐபி டிப்ளமாவில் ஆறு பாடம், பாடத்துக்கு 7, விரிவான கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து இன்னொரு 3, மொத்தமே 45தான். டிப்ளமா வாங்கவே 24 வேண்டும். எங்கள் மேடையில் ‘38 புள்ளிகள்’ என்று மட்டும் வாசித்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம், “முப்பத்தெட்டுதானா? பாஸாயிட்டானா இல்லையா?” என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது.

இன்னொன்று. எத்தனை பேர் ஏ ஸ்டார் (A*, கேம்பிரிட்ஜில் உச்ச கிரேடு) வாங்கினார்கள் என்று எக்செல்லின் கவுன்ட்இஃப் ஃபார்முலா வைத்து எண்ணினேன். நட்சத்திரக் குறிக்கு எக்செல்லில் ‘எது வேண்டுமானாலும்’ என்று பொருள். அதனால் வெறும் ஏ வாங்கியவர்களையும் சேர்த்து எண்ணிக் கொடுத்துவிட்டது. நட்சத்திரத்துக்கு முன்னால் ~ குறி போட்டால் சரியாக எண்ணும். பேனர் அடிப்பதற்கு முன்னால் கண்டுபிடித்தேன், பிழைத்தேன்.

படி 3: பெயர் (இங்கேதான் நேரம் போகும், போகட்டும்)

ஆங்கிலப் பெயரைப் பார்த்து நீங்களாகத் தமிழில் எழுதாதீர்கள். ட்ரான்ஸ்லிட்டரேஷன் கருவியிலும் போடாதீர்கள். முதல் தடவை நான் போட்டேன். ‘தனலட்சுமி’ ‘தாணலக்ஷ்மி’ ஆனாள்.

இனிஷியல் அதைவிடப் பெரிய பாடு. ஆங்கில எஸ் என்பது தமிழில் ச, சு, செ, சி, ஸ்ரீ, ஷ எதுவாகவும் இருக்கலாம். பட்டியலைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழில் எழுதச் சொல்லி 2021-இல் தமிழக அரசு அரசாணையே போட்டது. ஆக ‘எஸ். கோமதி’ என்று எழுதித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர் எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள்: எம் மதுரை, எஸ் தாயார் சண்முகவடிவு. டி.எம். சௌந்தரராஜனுக்கு டி என்பது தொகுளுவ என்ற குடும்பப் பெயர், எம் அப்பா மீனாட்சி அய்யங்கார். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் இப்படி இரண்டு எழுத்து வரும். பள்ளி விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்துக் குழம்பிய பெற்றோர் ஆளுக்கொன்றை நிரப்பியிருப்பார்கள். அதை நம்பி அடிக்க வேண்டாம்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். வகுப்பு வகுப்பாகப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, தன் பெயரைத் தமிழில் முன்னெழுத்தோடு தன் கையாலேயே எழுதச் சொல்கிறேன். பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. கூகுள் ஃபார்ம் வைத்தும் பார்த்தேன். பாதிப் பேர் ஃபோன் தானாகத் திருத்தியதை அப்படியே அனுப்பிவிட்டார்கள். பேப்பர்தான் எனக்குப் பிடித்தது.

ஊழியர்களிடம் நேரில் போங்கள். எங்கள் ஆயாம்மா ஒருவரின் பெயர் சம்பளப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. எது வேண்டும் என்று கேட்டதற்கு, “ரெண்டும் வேணாம் தம்பி, எங்கம்மா கூப்பிட்ட பேரப் போடுங்க” என்றார். பெயரின் கடைசியில் ‘அம்மாள்’ இல்லை, ‘அம்மா’. அப்படியே போட்டோம்.

படி 4: தட்டச்சும் எழுத்துருவும்

எல்லாம் யூனிகோடில் (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டில்) இருக்க வேண்டும். அலுவலகத்தில் பழைய ஊழியர் பட்டியல் கேட்டால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது வரும்; எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியலை எக்செல் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தே ஆக வேண்டும் என்றால், சேமிக்கும் வகைகளில் யூடிஎஃப்-8 என்று பெயர் போட்டதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

எழுத்துருவுக்கு எல்லோரும் கையெழுத்து மாதிரி சாய்ந்த ஒன்றைத் தேடுவார்கள். வேண்டாம். ‘ஹிந்த் மதுரை’ என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கிறது. சின்ன எழுத்துக்கு அழகு, ஆனால் சான்றிதழில் பெயருக்குப் போட்டால் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. பெயருக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மற்ற வரிகளுக்கு ஹிந்த் மதுரை. இது என் ரசனை.

படி 5: வேர்டில் பெயர் மட்டும் குட்டியாக வருகிறதா?

இந்த இடத்தில் ஒரு முழுச் சனிக்கிழமையைத் தொலைத்தேன். மெர்ஜ் ஃபீல்டை (பெயர் வந்து விழும் இடத்தை) தேர்ந்து 28 புள்ளி அளவு வைக்கிறீர்கள். திரையில் ஃபீல்டு பெரிதாகத் தெரிகிறது. பிரிவியூ அழுத்தினால் ஆங்கிலப் பெயர் 28-இல் வருகிறது, தமிழ்ப் பெயர் மட்டும் 11-இல், வேறு எழுத்துருவில் வருகிறது. திரும்பத் திரும்பப் பெரிதாக்கினாலும் அதே கதை.

காரணம் எளிது. வேர்டில் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ வகை. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும் அளவும், தமிழுக்கு இன்னொன்று என்று இரண்டையும் அது தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். ஃபீல்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால், நான் மாற்றியதெல்லாம் ஆங்கிலக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஃபீல்டைத் தேர்ந்து கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். எழுத்துருவையும் அளவையும் அங்கே வையுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால், மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள்.

படி 6: அச்சகம்

கேன்வாவா வேர்டா என்று கேட்காதீர்கள். எதில் செய்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆக்குங்கள். அந்த இரவு கொம்பு இடம் மாறியதற்குக் காரணம் என்னுடைய கோப்பு இல்லை. ஓரத்தில் ஒரு கோடு சேர்க்கலாம் என்று அச்சகத்துத் தம்பி பிடிஎஃப்பைப் பழைய டிசைன் மென்பொருள் ஒன்றில் திறந்திருக்கிறார். அதற்கு யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியாது. இப்போதெல்லாம் போகும்போதே, “அண்ணே, எதுலயும் திறக்காம அப்படியே பிரிண்ட் குடுங்க” என்று சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியைக் கையில் வாங்கி கோ, கை, கௌ, ஸ்ரீ வரும் பெயர்களைப் பார்த்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொல்வேன்.

அட்டை ஏ4, கனம் 300 ஜிஎஸ்எம், பளபளப்பில்லாத மேட். பளபளப்பு அட்டையில் முதல்வரின் கையெழுத்து மை காயாமல் அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

படி 7: மேடை

மேடையில் அட்டைகளை அடுக்கும் வரிசையும் வாசிக்கும் பட்டியலின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். வராத பிள்ளையின் அட்டையை உருவி எடுத்துவிடாதீர்கள். குறுக்காகத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் அதற்குப் பின்னால் எல்லோருக்கும் அடுத்தவர் சான்றிதழ் போகும். உச்சரிப்பு சந்தேகமான பெயர்களுக்கு அந்தப் பிள்ளையிடமே ஒரு வாய்ஸ் மெசேஜ் வாங்கி, வாசிப்பவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பொன்னாடை வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். போர்த்திய மறுநிமிடம் மடித்து வைக்கும் பொருள் அது. இந்த வருடம் ஊழியர்களுக்குச் சுங்குடிப் புடவையும் துண்டும் கொடுத்தோம். அடுத்த வாரமே உடுத்திக்கொண்டு வந்தார்கள்.

இற்றை 1 (பிறகு சேர்த்தது): ‘கௌதம்’ என்ற பெயரைத் தேடினால் பட்டியலில் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒற்றைக்கொம்பு, க, பிறகு தனி ‘ள’ என்று தட்டியிருப்பார்கள்: ‘கெளதம்’. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு சொல். கெள, செள, மெள, பெள என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். கொம்பையும் ‘ள’வையும் மட்டும் கொடுத்து ‘ரீப்ளேஸ் ஆல்’ போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். வெள்ளைச்சாமி ‘வௌ்ளைச்சாமி’ ஆகிவிட்டார். வெள்ளியம்பலம் இருக்கும் ஊரில் ‘வெள்’ளில் தொடங்கும் பெயருக்கா பஞ்சம்!

இற்றை 2: சராசரி 95.4 என்பது மெர்ஜ் செய்ததும் 95.400000000000006 என்று வருகிறதா? எக்செல்லில் டெக்ஸ்ட் ஃபார்முலா வைத்து அந்தப் பத்தியை எழுத்தாக மாற்றிவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.

இற்றை 3: ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனிக் கோப்பாக அனுப்ப வேண்டும் என்று கேட்டவருக்கு: லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் மெயில் மெர்ஜ் செய்தால் தனித்தனி ஆவணமாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மொத்தமாகப் போட வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும். படி 3-இல் கையெழுத்து வாங்கும் தாளிலேயே படத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் சேர்த்து ஒரு கட்டம் போட்டு வாங்கிவிடுங்கள்.

இற்றை 4: இவ்வளவுக்குப் பிறகும் விழாவன்று பிழை வந்தால் என்ன செய்வது என்று ஒரு ஆசிரியை கேட்டிருந்தார். பெயர் இல்லாமல் பத்து அட்டை கூடுதலாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள், லேப்டாப்பும் பிரிண்டரும் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும். 300 ஜிஎஸ்எம் பள்ளி பிரிண்டருக்குள் போகாது. இந்தப் பத்து மட்டும் மெல்லிய அட்டையில் இருக்கட்டும். இந்த வருடம் எனக்கு மூன்று தேவைப்பட்டது. அதில் ஒன்று என்னுடையது. சரிபார்க்கச் சொல்லி எல்லோரிடமும் பட்டியலை நீட்டிய நான், என் வரியைப் பார்க்கவே இல்லை.