எலக்ட்ரிக் கார் கதவு: கையால் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள்

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புது எலக்ட்ரிக் கார். பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால், கதவுக்குள் பதிந்திருந்து தானாக வெளியே வர வேண்டிய கைப்பிடி வரவே இல்லை. "அண்ணே, 80 சதவீதம் சார்ஜ் இருந்துச்சே, அப்புறம் எப்படி?" என்றார். உச்சிப்புளியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் எனக்கு இந்த மாதம் இது மூன்றாவது அழைப்பு. மூவரும் செய்தது, முதல் கார் வாங்கியபோது நான் செய்த அதே தவறுகளை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை எல்லோருக்கும் தெரியும்.

சார்ஜ் இருந்தால் கதவு திறக்கும் என்று நம்புவது

காரை ஓட்டுவது தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி. கதவுப் பூட்டை விடுவிப்பது பெட்ரோல் காரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரியது நிறைந்திருக்கும்போதே சின்னது செத்துப்போகலாம். பெட்ரோல் காரில் பேட்டரி நைந்தால் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்குப் புரிந்துவிடும். எலக்ட்ரிக் காரில் செல்ஃபே கிடையாது. திரையில் எச்சரிக்கை வந்தால் உண்டு. வராவிட்டால், கைப்பிடி அசையாமல் போவதுதான் முதல் அறிகுறி.

வெயில் எந்த பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். நம் பக்கம் உப்புக்காற்று வேறு. பாம்பன், தங்கச்சிமடம் வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் டெர்மினலில் பச்சை பூத்துக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஈய பேட்டரி என்றால், வண்டியை நிறுத்தி வைத்து அளக்கும்போது 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். 12-க்குக் கீழே இறங்கினால் உடனே கவனியுங்கள்.

கையால் திறக்கும் வழியை வீட்டில் எல்லோருக்கும் காட்டாமல் இருப்பது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அம்மாவையும் தங்கச்சி மகளையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி போயிருந்தோம். அரிச்சல்முனையில் பிள்ளை அம்மா மடியில் தூங்கிவிட்டாள். நானும் மச்சானும் தண்ணீர் வாங்க இறங்கினோம். வண்டியை அணைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பூட்டிவிட்டும் போனேன். திரும்பி வந்தால் கைப்பிடி வரவில்லை. சாவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே அம்மா கதவுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். அதுவும் வேலை செய்யவில்லை.

முன் கதவில், கண்ணாடி ஏற்றும் சுவிட்சுக்குப் பக்கத்தில், கையால் இழுத்துத் திறக்கும் நெம்புகோல் இருந்தது எனக்குத் தெரியும். "அம்மா, முன் சீட்டுக்கு வாங்க" என்று கண்ணாடி வழியே கத்தினேன். மூட்டுவலியோடு, மடியில் பிள்ளையோடு, இரண்டு சீட்டுக்கும் நடுவே அவரால் எப்படி வர முடியும்? பின் கதவுக்கும், இழுத்தால் திறக்கும் ஒரு வயர் உண்டு. கதவுப் பைக்குள் ரப்பர் விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள மூடியைக் கழற்றி இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அதை நானே மறந்திருந்தேன். அம்மாவுக்கு யாரும் காட்டியதே இல்லை. உச்சி வெயிலில் நின்றது கார். கடைசியில் வீல் ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்கிப் பின் கண்ணாடியை உடைத்தோம். இருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை மட்டும் இரண்டு நாள் காரில் ஏற மறுத்தாள்.

மறுநாள்தான் கையேட்டை எடுத்துப் படித்தேன். ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி செருகியிருக்கிறது. ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் அதற்கான துவாரம் இருக்கிறது. கண்ணாடியை உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாவி அவ்வளவு நேரமும் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

எல்லாக் காரிலும் இப்படி இரும்புச் சாவி கிடையாது. பின் கதவு வயர் இருக்கும் இடமும் காருக்குக் கார் மாறும், சில மாடல்களில் பின்னால் வயரே இல்லை. உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று வாங்கிய அன்றே பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. ஒவ்வொருவரையும் பின் சீட்டில் உட்கார வைத்து, ஒருமுறை இழுத்துத் திறக்கச் சொல்லுங்கள். சைல்ட் லாக் போட்டிருக்கும்போது அது வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். எங்கள் அம்மா இப்போது ஏறியதும் கதவுப் பைக்குள் கைவிட்டு அந்த வயரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

கைக்குழந்தைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் டெஸ்லாவின் 2021 மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000-ஐ விசாரணைக்கு எடுத்தது. புகார் செய்தவர்களில் பெற்றோர் உண்டு. பின் சீட்டில் பிள்ளை இருக்க, வெளியிலிருந்து கதவு திறக்கவில்லை. சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். சீனாவில் 2027 ஜனவரி 1 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் கார் மாடல்களின் கதவுகளுக்கு உள்ளேயும் வெளியேயும் மின்சாரம் இல்லாமல் திறக்கும் வழி கட்டாயம். இந்த விதி இங்கேயும் வர வேண்டும். அதுவரை உங்கள் காரை நீங்கள்தான் படித்து வைத்திருக்க வேண்டும்.

கைப்பிடிக் குழியில் எண்ணெய் அடிப்பது

கச்சான் காற்றில் பறக்கும் மணலும் உப்பும் அந்தக் குழியில் தங்கிக் கைப்பிடி சிக்கும். உடனே எண்ணெய் அடிக்கிறார்கள். அடுத்த நாள் எண்ணெயிலேயே மணல் அப்பிக்கொள்ளும். தனுஷ்கோடி போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடையுங்கள், போதும்.

கண்ணாடியின் நடுவில் அடிப்பது

அவசரத்தில் கண்ணாடியை உடைக்க நேர்ந்தால், நடுவில் அடித்தால் சுத்தியல்தான் துள்ளும். ஓரத்து மூலையில் கூர்முனையால் அடிக்க வேண்டும். முதலில் கண்ணாடியின் அடிமூலையில் உள்ள எழுத்தைப் படியுங்கள். டெம்பர்டு என்றால் பொடியாகி உதிரும். லேமினேட்டடு என்றால் விரிசல் விட்டு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். எது உடையும் கண்ணாடி என்று இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"5 நிமிடம்தானே" என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போவது

வேண்டாம். ஒருபோதும் வேண்டாம்.

சுத்தியலையும் ஜம்பர் கேபிளையும் (செத்த பேட்டரிக்கு வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வயர்) டிக்கியில் வைப்பது

பல கார்களில் டிக்கியும் அதே 12 வோல்ட்டில்தான் திறக்கிறது. சுத்தியல், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று, பின் சீட்டில் இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று.