பையின் முன்பக்கத்தில் கோழி, பின்பக்கத்தில் சோளம்: நாய், பூனை உணவு வாங்குவோர் விடும் தவறுகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சுப்பர்மார்க்கெட் ஒன்றில் நாய் உணவுத் தட்டுக்கு முன்னால் நின்றால், பைகளில் அச்சிட்ட பொரித்த கோழியும் கரட்டும் பட்டாணியும் கண்ணைப் பறிக்கும். பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கபில நிற உருண்டைகள்தான். படத்துக்கு விலை கொடுப்பது முதல் தவறு.

பின்பக்கத்தைப் படிப்பவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். சேர்மானப் பட்டியலில் கோழி இறைச்சி முதலாவதாக இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அந்த வரிசை, பொருள்கள் இயந்திரத்துக்குள் போகுமுன் இருந்த எடையின்படி எழுதப்படுவது. பச்சைக் கோழியில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். 30 கிலோ கோழியையும் 20 கிலோ சோளத்தையும் சேர்த்து அவித்து உலர்த்தினால் கோழியில் மிஞ்சுவது சுமார் 10 கிலோ, சோளமோ பெரிதாகக் குறையாது. அது போதாதென்று, சோளத்தையே முழுச் சோளம், சோள மா, சோளக் குளூட்டன் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் தனித்தனியே கோழிக்குக் கீழே இறங்கிவிடும். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாறாக, தண்ணீர் நீக்கி அரைத்த கோழித் தூளும் ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளும் பட்டியலில் இருந்தால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஈரல் பொரியலை விரும்பி உண்ணும் வீட்டில், நாய்க்கு மட்டும் அது எப்படிக் கழிவாகிறது என்பது எனக்கு விளங்கியதில்லை.

பெயரையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பெயரிடல் விதிகளின்படி, 'டின்னர்' என்றால் குறிப்பிட்ட இறைச்சி 25 சதவீதம் இருந்தால் போதும். 'வித் சிக்கன்' என்றால் 3 சதவீதம். 'சிக்கன் ஃப்ளேவர்' என்றால் சுவை தெரிந்தால் சரி. 'பிரீமியம்' என்ற சொல்லுக்கு அங்கே சட்ட வரையறையே இல்லை.

பேணியில் 10 சதவீதம் புரதம், உலர் உணவில் 24 சதவீதம் என்று கண்டு, பேணி உணவு சத்தில்லாதது என முடிவு செய்வதும் பிழை. பேணியில் 78 சதவீதமும் உலர் உணவில் 10 சதவீதமும் ஈரப்பதம் இருந்தால், தண்ணீரைக் கழித்த கணக்கில் பேணியின் புரதம் சுமார் 45 சதவீதம், உலர் உணவினது 27 சதவீதம் மாத்திரமே.

பூனைக்கு நாய் உணவைப் போட்டுச் சமாளிப்பவர்கள், பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் டோரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்தே கிடைக்க வேண்டும், நாய் உணவில் அது போதாமல் போகலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 'தானியம் இல்லாதது' என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்போரும் சற்று யோசிக்கலாம்: பட்டாணி, பருப்பு மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆராயத் தொடங்கியது, காரணம் அதுதான் என்று நிறுவப்படவில்லை.

கொழும்பின் புழுக்கத்தில் இன்னொரு தவறு பெரிதாகிறது. திறந்த சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் உணவு மலிவுதான். ஆனால் காற்றுப்பட்ட கொழுப்பு காறிப்போகும், ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், சில பூஞ்சணங்கள் ஈரலைக் கெடுக்கும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அந்தப் பொலித்தீன் பையில் காலாவதித் திகதியும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. 2007இல் மெலமைன் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்த கோதுமைக் குளூட்டனால் வட அமெரிக்காவில் உணவுகள் திரும்பப் பெறப்பட்டபோது, தம் வீட்டுப் பேணியோ பையோ அதில் அடங்குமா என்று பார்க்க உரிமையாளர்களுக்கு உதவியவை அவற்றில் அச்சிட்ட அத்தகைய விவரங்களே. ஆகவே வீட்டுக்கு வந்ததும் உணவை வாளியில் கொட்டிப் பையை எறியாமல், வாயை மடித்துப் பையோடே வாளிக்குள் வைத்து மூடுங்கள்.