நடுமுற்றம் வைத்த வீடு: மழைத்தண்ணீர் அறைக்குள் ஏறாமல் கட்டுவது எப்படி

குமரி மாவட்டத்தில் புது வீட்டுக்குள் வானமும் மழையும் வரவேண்டுமென்றால் நடுமுற்றத்தை விஞ்ச வேறில்லை. தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய் முற்றங்களைப் பார்த்துவிட்டு வரைபடம் போட உட்காருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. அதனால் அழகைவிட வடிகாலே முக்கியம்.

1. அளவு. ஒற்றைத்தள வீட்டுக்கு 10 அடிக்கு 10 அடி போதும். 6 அடிக்குக் கீழே போனால் அது முற்றமாக இருக்காது, வெளிச்சக் குழாயாகிவிடும்.

2. பேஸ்மென்ட் (நிலமட்டத்துக்கு மேல் எழுப்பும் அடித்தளம்) உயரம். பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். பேஸ்மென்ட் எழுப்பிய பிறகு முற்றத்தை யோசித்தால் தண்ணீர் வெளியேற வழி இருக்காது. முதலில் கணக்குப் போடுங்கள். முற்றத்தின் தளம் அறைத்தரையைவிட 9 அங்குலம் கீழே. ஜாலி (வடிகால் வாயை மூடும் சல்லடைத் தட்டு), பெண்டு (குழாயின் வளைவுத் துண்டு), குழாய் உட்கார இன்னொரு 9 அங்குலம். வெளிச்சுவர் வரை 20 அடி ஓடும் குழாய்க்கு, எட்டடிக்கு ஓர் அங்குலம் சரிவு என்றால் இரண்டரை அங்குலம். மொத்தம் இருபதரை அங்குலம். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்துவார்கள் என்பதையும் சேர்த்து, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைவிட அறைத்தரை இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும்.

3. குழாய். 10 அடி முற்றமும் அதை நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரையும் சேர்ந்து 7 மீட்டருக்கு 7 மீட்டர் என்று வையுங்கள். 50 மில்லிமீட்டர் மழைக்கு 2,450 லிட்டர் உள்ளே விழும். ஒரு மணி நேரத்தில் விழுந்தாலும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்றே அதைத் தாங்கும். ஆனால் ஒரு வாழைச்சருகு ஜாலியை மூடினால் போதும், தண்ணீர் ஏறத் தொடங்கும். ஆகவே இரண்டாவது குழாய் கட்டாயம். அதன் வாய் தளத்திலிருந்து 3 அங்குலம் மேலே இருக்கட்டும். இரண்டையும் வழியில் இணைக்கக் கூடாது. இணைத்தால் ஒரே அடைப்பு இரண்டையும் நிறுத்தும். அறைக்கு அடியில் வளைவு வேண்டாம். வெளியே தனித்தனி சேம்பர் (குழாய் வந்து சேரும், திறந்து சுத்தம் செய்யக்கூடிய தொட்டி). பெல்ட் கான்கிரீட் (அடித்தளத்தின் மேல் சுற்றிப் போடும் கான்கிரீட் பட்டை) போடும் முன்பே குழாய்க்கு வழி விட்டுவிடுங்கள். பிறகு உடைக்க விடாதீர்கள்.

4. கசிவுச் சோதனை. தளமும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் உருட்டி, வாட்டர்ப்ரூஃப் பூச்சை அறைத்தரை மட்டம் வரை ஏற்றுங்கள். கல் பதிக்கும் முன் கீழ்க்குழாயை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். வெயிலில் கொஞ்சம் குறையும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கசிவுதான். தரைக்குப் பாலிஷ் போடாத கருங்கல்லே நல்லது, வழுக்காது.

5. இறக்கம், அதாவது சுவரைத் தாண்டி முற்றத்துப் பக்கம் நீளும் கூரை விளிம்பு. நாலு பக்கமும் இரண்டரை அடி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். ஜூனில் சூரியன் வடக்கே சாய்வதால் வடக்குப் பார்த்த சுவருக்கும் நிழல் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் தோவாளைப் பக்கம் சாரல் உள்ளே வரும். அந்தச் சாரல் விழும் ஓரத்தில் சோபாவோ மர அலமாரியோ வேண்டாம்.

பின்சேர்க்கை: மேலே பாலிகார்பனேட் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இறுக்கி மூடினால் வெப்பம் அடைபடும், முற்றம் வைத்ததே வீண். வேண்டுமென்றால் கூரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் பாதுகாப்புக் கம்பிக்குச் சாதா இரும்பு வேண்டாம். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். 304 ரகம் உப்புக்காற்றில் புள்ளி விழும்.