தொலைமருத்துவத்தின் வழியே பக்கவாதச் சிகிச்சை: மாவட்ட மருத்துவமனை செய்ய வேண்டியவை

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்துக்கு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நரம்பியல் மருத்துவர் தொலைவிலுள்ள நகரத்தில் இருக்கிறார் என்பதற்காக நோயாளியை உடனே அங்கே அனுப்பினால், அந்த நேரம் சாலையிலேயே கரைந்துவிடும். ஹிமாச்சலப் பிரதேசத்தில் 2014-இல் தொடங்கிய திட்டத்தில், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவர்கள், சிம்லாவிலும் டாண்டாவிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் மருத்துவர்களோடு ஸ்மார்ட்போனில் கலந்தாலோசித்து, ஊசியைத் தங்கள் மருத்துவமனையிலேயே போட்டனர். மருந்தை அரசு இலவசமாக வழங்கியது. ஆகவே, விலையுயர்ந்த கருவிகள் வரட்டும் என்று எவரும் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் இரவுப் பணியைச் சரிசெய்யுங்கள். ஸ்கேன் எடுப்பவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். மருந்து பூட்டிய மருந்தகத்தில் அல்லாமல் அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் உள்ள மைய மருத்துவமனையுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டில், எந்நேரமும் எடுக்கப்படும் ஒரே தொலைபேசி எண்ணும், அன்றன்று பொறுப்பிலிருப்பவரின் பெயர்ப்பட்டியலும் இடம்பெற வேண்டும். இத்தகைய முயற்சிகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நோயாளி வந்ததும், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தை உறவினரிடம் கேட்டு எழுதுங்கள். தூங்கி எழும்போது பாதிப்பு தெரிந்திருந்தால், விழித்த நேரத்தை அல்ல, படுக்கச் சென்ற நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் போன்ற அறிகுறிகள் தோன்றும் என்பதால், இரத்தச் சர்க்கரையை உடனே பாருங்கள். நோயாளி ஸ்கேன் அறைக்குச் செல்லும்போதே மையத்தை அழைத்துவிடுங்கள். ஸ்கேன் முடிந்தபின் அழைப்பது வீண் தாமதம். ஒன்றிரண்டு படங்களை மட்டும் அனுப்பாமல் எல்லா வெட்டுப்படங்களையும் அனுப்புங்கள், ஏனெனில் சிறிய இரத்தக்கசிவு விடுபட்ட படத்தில் இருந்துவிடலாம். கை கால் அசைவு, பேச்சு, பார்வை ஆகியவற்றைச் சோதித்து, பக்கவாதத்தின் கடுமையை 0 முதல் 42 வரை மதிப்பிடும் என்.ஐ.எச். அளவுகோலை, காணொளியில் நிபுணர் பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ செய்து காட்டலாம்.

இரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகி, இரத்த அழுத்தமும் 185/110-க்குக் கீழ் இருந்து, ஊசிக்குத் தடையான பிற காரணங்கள் எவையும் இல்லையென்றால், குடும்பத்தாரிடம் பயனையும் இரத்தக்கசிவு அபாயத்தையும் எளிய சொற்களில் விளக்கி ஒப்புதல் பெறுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தான ஆல்டிபிளேஸின் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி.; பத்தில் ஒரு பங்கை முதல் நிமிடத்திலும் மீதியை ஒரு மணி நேரத்திலும் செலுத்த வேண்டும். எடையை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆஸ்பிரின் கூடாது. முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பெரிய குழாய் அடைபட்டிருப்பதாக நிபுணர் கருதினால், ஊசியைத் தொடங்கிவிட்டு, கட்டியைக் கருவியால் அகற்றும் வசதியுள்ள இடத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்புங்கள்.

நோயாளி வாசலுக்கு வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் ஆகிய மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுதி, மாதம் ஒருமுறை இரு மருத்துவமனையினரும் சேர்ந்து பாருங்கள். வாசலிலிருந்து ஊசி வரை 60 நிமிடத்தைத் தாண்டிய ஒவ்வொரு நோயாளிக்கும், தாமதம் எந்த இடத்தில் ஏற்பட்டது என்று அந்தக் கூட்டத்திலேயே கண்டறிந்து எழுதுங்கள்.